தோன் சிரிலோவின் சாவுக்கு ஐந்து புள்ளி

எங்கள் சாந்தா ருஃபினா நகரம் அறிவாளி ஆகிவிட்டது. இதை நான் சொல்லவில்லை, நெடுஞ்சாலையோரம் நட்டிருக்கும் பெரிய பலகை சொல்கிறது: ‘சிந்திக்கும் நகரம் உங்களை வரவேற்கிறது.’ பலகையின் காலடியில் சாக்கடை உடைந்து ஓடுகிறது. அதைப் பற்றியும் நகரம் சிந்தித்துக்கொண்டுதான் இருக்கிறது, பல வருடமாக.

சிந்திப்பது எப்படி என்றால், தெருவுக்குத் தெரு ஒரு கம்பம். உச்சியில் ஒரு கண், ஒரு காது, ஒரு பச்சை விளக்கு. பார்த்ததையும் கேட்டதையும் கம்பம் நகராட்சி மாடியில் உள்ள அறிவார்ந்த நகர இயக்ககத்துக்கு அனுப்பும். அங்கே காதுப் பிரிவில் எனக்கு வேலை. என் பெயர் அசுசேனா. கம்பத்தின் காதுக்குள் ஓடும் மென்பொருளை எழுதுகிறவர்களில் நானும் ஒருத்தி. நாய் குரைத்தால் நாய் என்று சொல்லும், துப்பாக்கி வெடித்தால் பட்டாசு என்று சொல்லும். இரண்டாவது எங்கள் தவறு இல்லை, இயக்குநரின் விருப்பம்.

ஒரு பொது முற்றத்தைச் சுற்றிய வீடுகளில் நான் குடியிருக்கிறேன், எதிர்வீட்டுக்காரர் தோன் சிரிலோ. எங்கள் ஊரில் மரியாதைக்கு ஆணைத் தோன் என்போம், பெண்ணைத் தோன்யா என்போம். மாலையானால் சோள வண்டி தள்ளுவார். வேகவைத்த சோளத்தில் மயோனைஸ் தடவி, பாலாடைக்கட்டி தூவி, எலுமிச்சை பிழிந்து, மிளகாய்ப்பொடியைக் கேட்ட அளவுக்கு அள்ளிப் போட்டுக் கொடுப்பார். கூவிக் கூவித் தொண்டை கெட்டுப்போனதும், தன் கூவலைப் பதிவு செய்து வண்டியில் ஒலிபெருக்கி கட்டிக்கொண்டார். பதிவு செய்து கொடுத்தவள் நான். நடுவில் ஒரு இருமல் விழுந்துவிட்டது. ‘வெட்டி எடுத்துடட்டுமா தோன் சிரிலோ?’ என்று கேட்டேன். ‘விடு பொண்ணே, அதுவும் நான்தானே’ என்றார். மற்ற சோளக்காரர்களும் வந்து அந்தப் பதிவைக் கேட்டு வாங்கிப் போனார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தார். ஆக, ஊரில் எந்தப் பேட்டையில் சோளம் வந்தாலும் தோன் சிரிலோவின் குரல்தான் வரும், இருமலோடு.

அவருக்குச் சர்க்கரை முற்றி, நகர மருத்துவமனையில் கிடந்தார். மனைவி தோன்யா ஹெர்மிலா பகலெல்லாம் கட்டிலருகே இருப்பார், சாயங்காலம் வண்டியைத் தள்ளுவார். ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல், மனைவி வண்டிக்குக் கிளம்பிப் போன கொஞ்ச நேரத்தில், தோன் சிரிலோ போய்ச் சேர்ந்தார். மருத்துவமனையிலிருந்து போன் அடித்திருக்கிறார்கள். தெருச் சத்தத்தில் தோன்யா ஹெர்மிலாவுக்குக் கேட்கவில்லை. பானை காலியாகும்வரை விற்றுக்கொண்டிருந்தார். செத்துப்போன புருஷன் தலைக்கு மேலே கூவிக்கொண்டிருக்க, இவர் கீழே சோளம் விற்றுக்கொண்டிருந்தார். 

மறுநாள் காலையில் உடலை வாங்க நானும் கூடப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த இளைஞன் திரையைப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், மறுபடி திரையைப் பார்த்தான்.

“மன்னிக்கணும் சென்யோரா. உள்ள இருக்கறவரு உங்க வீட்டுக்காரர் இல்ல.”

“என்னப்பா சொல்ற? இப்பத்தானே நெத்தியத் தடவிக் குடுத்துட்டு வரேன்!”

“உங்க வீட்டுக்காரர் நேத்து சாயங்காலம் வியாபாரத்துல இருந்தாரு. கம்பம் சொல்லுது.”

“அது நான்ப்பா. வண்டி தள்ளினது நான். குரல் மட்டுந்தான் அவரோடது. ஒலிபெருக்கி.”

“குரல்தானே சென்யோரா ஆளு? முகத்த யாரு வேணா மாத்திக்கலாம்.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. தெருவில் வியாபாரம் செய்கிறவர்கள் எல்லோரும் கம்பத்தின் முன்னால் பேசிக் குரலைப் பதிந்தால்தான் உரிமம். நகரத்தின் எல்லாக் கருவிகளும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். இரண்டு கருவிகள் வேறு வேறாகச் சொன்னால்? எங்கள் குழுத் தலைவர் எவெரார்தோ அதற்கு ஒரு விதி எழுதியிருந்தார்: கடைசியாக வந்த தகவலே உண்மை. அந்த விதி எழுதிய அன்று ஆபீசில் பால் கேக் வெட்டினோம். மருத்துவமனை பிற்பகலில் சாவு என்றது, கம்பங்கள் மாலையில் சோளம் என்றன. செத்தவர் எப்படிக் கூவுவார்? ஆகவே சாகவில்லை.

“அப்ப உள்ள இருக்கறது யாருய்யா?” என்று கேட்டேன்.

“பெயர் தெரியாத ஆண்,” என்றான் இளைஞன். “வெள்ளிக்கிழமை நகராட்சிப் பொதுக்குழிக்குப் போயிடும்.”

தோன்யா ஹெர்மிலா ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். “எங்க ஒஃபேலியா பக்கத்துல இடம் வச்சிருக்கோம்ப்பா,” என்றார். ஒஃபேலியா அவர்களுடைய மகள், பள்ளிக்கூடம் போகும் வயதிலேயே காய்ச்சலில் போனவள். “நான் முந்தினா நீ என்னை அங்க படுக்க வை, நீ முந்தினா நான் உன்னைப் படுக்க வைக்கிறேன்னு பேசி வச்சிருக்கோம். குழியில போட்டா அப்புறம் எந்த எலும்பு அவரோடதுன்னு நான் எங்கப்பா தேடுவேன்?”

“திரையில உசுரோட, பச்சையா இருக்காரே சென்யோரா,” என்றான் அவன். அவன் கெட்டவன் இல்லை. அவனுக்கும் கண் கலங்கித்தான் இருந்தது. பச்சையை மீறி அவனால் ஒன்றும் செய்ய முடியாது, அவ்வளவுதான்.

நான் ஆபீசுக்கு ஓடினேன். காலைக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. எங்கள் காலைக் கூட்டம் நின்றபடி நடப்பது. உட்கார்ந்தால் நேரம் இழுக்குமாம். அதனால் எல்லோரும் நின்றபடி நேரத்தை இழுப்போம். ஒரு ரப்பர் பந்து இருக்கும். யார் கையில் பந்தோ அவர்தான் பேசலாம். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப்போகிறாய், என்ன இடையூறு? மூன்றுக்கும் பதில் சொல்லிவிட்டுப் பந்தைத் தள்ளிவிட வேண்டும்.

பந்து என்னிடம் வந்தது. “நேத்து செஞ்சது கிடக்கட்டும். இடையூறு, தோன் சிரிலோ செத்துட்டாரு.”

எல்லோரும் தலை குனிந்தார்கள். எவெரார்தோ நெஞ்சில் கை வைத்தார். “ரொம்ப வருத்தமா இருக்கு அசுசேனா. பந்த அடுத்தவங்களுக்குக் குடு.”

“குடுக்க மாட்டேன். அவர் செத்துட்டாரு, நம்ம சிஸ்டம் சாகலங்குது. வெள்ளிக்கிழமை பொதுக்குழில தள்ளிடுவாங்க. உங்க விதியில ஒரு வரி மாத்தினா போதும், எவெரார்தோ.”

“மாத்தலாம். தாராளமா மாத்தலாம். ஆனா இது எவ்வளவு பெரிய வேலைன்னு முதல்ல அளக்கணுமில்ல?”

அளப்பதற்கு எங்களிடம் சீட்டுக்கட்டு உண்டு. சின்ன வேலைக்கு ஒரு புள்ளி, அப்புறம் இரண்டு, மூன்று, ஐந்து, எட்டு, பதின்மூன்று. ஆளுக்கொரு சீட்டை மறைத்து வைத்து, ஒரே நேரத்தில் காட்ட வேண்டும். காட்டினோம். ஒருத்தர் ஒன்று போட்டிருந்தார். “செத்தது ஒருத்தர்தானே,” என்றார். பின்வரிசைப் பெண் ஒருத்தி பதின்மூன்று போட்டிருந்தாள்.

“ஏம்மா இவ்வளவு?” என்று கேட்டார் எவெரார்தோ.

“எங்கப்பா போன வருஷம் செத்தாரு. பதிமூணுதான்.”

“சொந்த அனுபவத்த அளவுல கலக்கக் கூடாது,” என்றார் எவெரார்தோ, மென்மையாகத்தான். பேசிப் பேசி ஐந்தில் முடித்தார்கள். தோன் சிரிலோவின் சாவுக்கு ஐந்து புள்ளி. எங்கள் வேலையெல்லாம் இரண்டு வாரத் தவணையாகத்தான் நடக்கும். பிறகு பார்த்தால், இந்தத் தவணையில் மூன்று புள்ளிக்குத்தான் இடம் மிச்சமிருந்தது.

“அடுத்த தவணையில எடுத்துக்கலாமே?”

“பொணம் தாங்காது எவெரார்தோ!”

அவர் யோசித்தார். அவர் முகத்தில் உண்மையான அக்கறை இருந்தது, அதுதான் கொடுமை. “சரி, ரெண்டா உடைச்சுக்கலாம். இப்போதைக்கு மூணு புள்ளிக்குச் சாகட்டும். மீதிய அடுத்த தவணையில பாத்துக்கலாம்.”

அதற்கும் ஒரு நிபந்தனை இருந்தது. பிழையை எங்கள் கண் முன்னால் நிகழ்த்திக் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் அது பிழையே இல்லை, புகார். மதியம் தோன்யா ஹெர்மிலா ஒலிபெருக்கியை வண்டியிலிருந்து கழற்றி, குழந்தையைத் தூக்குவதுபோல் மார்போடு அணைத்து எடுத்து வந்தார். சோதனைக் கூடத்தில் எங்களுக்கென்று ஒரு கம்பம் நட்டு வைத்திருக்கிறோம். அதன் முன்னால் பொத்தானை அழுத்தினார். “சோளம்! சூடான சோளம்! வாங்க ராணிகளே, ஓடி வாங்க ராஜாக்களே!” பிறகு இருமல். கம்பம் பச்சையாக மின்னியது. திரையில் எழுத்து ஓடியது: ‘வணக்கம், சிரிலோ! இருமல் தெரிகிறது. தண்ணீர் நிறையக் குடியுங்கள்.’

தோன்யா ஹெர்மிலா அதை மெதுவாகக் கூட்டிப் படித்தார். “தண்ணி குடிக்கச் சொல்லுதா?” என்று என்னிடம் கேட்டார். “கடைசி ரெண்டு நாள் தண்ணியே இறங்கலயே அவருக்கு.”

“அருமையா வேலை செய்யுது,” என்றார் எவெரார்தோ. “இப்ப அடுத்த படி. அவர் சாகணும்.”

“செத்துட்டாரேப்பா.”

“அங்க செத்தாரு தோன்யா. இங்க இன்னும் சாகல. குரல் பதிஞ்ச யாராவது ஒருத்தர் இங்க, எங்க கண் முன்னால செத்து, அதுக்கப்புறம் கூவினாத்தான் ஒப்பிட்டுப் பாக்க முடியும்.” சொல்லிவிட்டு, யாராவது முன்வருவார்களா என்பதுபோல் சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் அவரவர் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். முடிவு திரையில் ஏறியது: ‘இங்கே நிகழவில்லை. புகார் முடிக்கப்பட்டது.’

தோன்யா ஹெர்மிலா படியிறங்கும்போது கேட்டார்: “குரல் கேக்கறதாலதானே உசுரோட இருக்காருங்கறாங்க? கேக்காமப் பண்ணிட்டா?”

அன்று மாலை பேட்டை பேட்டையாக நடந்தோம். தோன்யா ஹெர்மிலா ஒவ்வொரு சோள வண்டியாகப் போய் நின்று, “ஐயா, கொஞ்சம் அவரை நிறுத்துங்க. அவரு செத்துட்டாரு” என்று சொன்னார். ஒருவர்கூட மறு பேச்சுப் பேசவில்லை. தொப்பியைக் கழற்றிவிட்டு ஒலிபெருக்கியை அணைத்தார்கள். ஊரெங்கும் வண்டிகள் ஊமையாகப் போயின. வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும், “இப்பவாவது விடுவாங்க,” என்றார்.

சைரன் கேட்டது. ரோந்து வண்டி வந்து முற்றத்தில் நின்றது. இரண்டு போலீஸ்காரர்கள் இறங்கினார்கள்.

“சிரிலோங்கறவர் குரல் இன்னைக்குக் கேக்கல. ஆபத்துல இருக்கலாம்னு கம்பம் சொல்லுது. எங்க உங்க வீட்டுக்காரர்?”

“ஆஸ்பத்திரில. ஐஸ் பெட்டில.”

“அது பெயர் தெரியாதவரும்மா. உங்க வீட்டுக்காரர் எங்கன்னு கேக்கறோம். உங்க ரெண்டு பேருக்கும் சண்டை ஏதாவது?”

எங்கள் முற்றத்தின் கடைசி வீட்டில் ஒரு அம்மா இருக்கிறார். மகன் வேலைக்குப் போனவன் திரும்பவில்லை. சனிக்கிழமை சனிக்கிழமை மற்ற அம்மாக்களோடு மண்வெட்டி எடுத்துக்கொண்டு குன்றுப் பக்கம் எலும்பாவது கிடைக்குமா என்று தோண்டிப் பார்க்கப் போகிறார். அவர் வாசலில் வந்து நின்று அந்த வண்டியையே பார்த்தார். “வருமா இது? என் பிள்ளைக்காகக் கூப்பிட்டா வருமா?” என்று கேட்டார்.  காணாமல் போன ஒரு பிள்ளையைக்கூட எங்கள் கம்பங்கள் கண்டுபிடித்ததில்லை. செத்துக் கிடக்கும் ஒரு மனிதருக்கு மட்டும் சைரன் வைத்துக்கொண்டு வந்துவிட்டன.

போலீஸ்காரர்கள் நகர்வதாக இல்லை. வேறு வழியில்லாமல் தோன்யா ஹெர்மிலாவே எழுந்து போய் ஒலிபெருக்கியைப் போட்டார். “சோளம்! சூடான சோளம்!” போலீஸ்காரரின் கைக்கருவி பச்சையானது. “இருக்காரே! இத முதல்லயே சொல்றதுக்கென்ன?” என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர் பொத்தானை அணைக்காமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நான்தான் போய் அணைத்தேன்.

வியாழக்கிழமை இயக்குநரைப் பிடித்தேன். இன்ஜினியர் பாலோமெக்கே என்பது அவர் பெயர். அன்று நல்ல கோட்டில் இருந்தார். தலைநகரிலிருந்து பரிசுக் குழு வந்திருந்தது. நடந்துகொண்டே கேட்டார், நடந்துகொண்டே பதிலும் சொன்னார்.

“கையால மாத்தறதா? இதப் பாரும்மா, மனுஷக் கை பட்டா அது தகவல் இல்ல, அபிப்பிராயம். அபிப்பிராயத்த நம்பி நகரம் நடத்த முடியுமா? சிரிலோன்னா சொன்னே? சோளக்காரர்? அட, அவரத்தானே தேடிட்டிருக்கேன்! பொண்டாட்டியக் கூட்டிட்டு வா, சாயங்காலம்.”

காரியம் முடிந்துவிட்டது என்று நம்பிக் கூட்டிக்கொண்டு போனேன். நகராட்சி மண்டபத்தில் கூட்டம், பூ, மாரியாச்சி வாத்தியக் கோஷ்டி. இயக்குநர் மேடையேறினார்.

“நண்பர்களே! போன வருஷத்தவிட இந்த வருஷம் நம்ம ஊர்ல சாவு குறைஞ்சிருக்கு. புது ஆஸ்பத்திரி கட்டினோமா? இல்ல. மருந்து வாங்கினோமா? அதுவும் இல்ல. டாக்டர் போட்டோமா? இருந்தவங்களையும் அனுப்பிட்டோம். கம்பம் நட்டோம்! கம்பம் மட்டுந்தான் நட்டோம்!” கைதட்டல். “முன்னெல்லாம் ஒருத்தர் செத்துட்டார்னு யாரோ ஒருத்தர் வந்து சொன்னா நம்பிடுவோம். அந்தக் காலம் போயிடுச்சு. இன்னைக்கு ஆதாரம் இல்லாம இந்த ஊர்ல ஒருத்தரும் சாக முடியாது!” மறுபடி கைதட்டல். “இப்ப, ஊரிலேயே மிகச் சுறுசுறுப்பான குடிமகன். ஒரே மாலையில எல்லாப் பேட்டையிலயும் உழைக்கிறவர். நேத்துகூடக் கொஞ்ச நேரந்தான் ஓய்வெடுத்தாரு. சிரிலோ! வேலை மும்முரத்துல அவரால வர முடியல. அவர் சார்பா அவர் மனைவி!”

கம்பம் வடிவத்தில் செய்த கண்ணாடிப் பரிசு. தோன்யா ஹெர்மிலா அதைத் தொடவில்லை. ஒலிவாங்கியின் முன்னால் நின்று, சபையைப் பார்த்துச் சொன்னார்: “ஐயா, இது எனக்கு வேணாம். அவரைக் குடுங்க. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

இயக்குநருக்குக் கண்ணீரே வந்துவிட்டது. அவரை அணைத்துக்கொண்டு சொன்னார்: “பாத்தீங்களா! பொண்டாட்டி பக்கத்துல இருக்கக்கூட நேரமில்லாம உழைக்கிறாரு மனுஷன்!” வாத்தியம் முழங்கியது. பரிசுக் குழுவினர் எழுந்து நின்று தட்டினார்கள். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அதையும் தட்டுவதாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

அங்கிருந்து நேரே மருத்துவமனைக்குப் போனோம், கடைசியாக ஒருமுறை முகம் பார்க்க. கண்ணாடிக்குப் பின்னால் அதே இளைஞன். எங்களைக் கண்டதும் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“ஒரு வழி இருக்கு சென்யோரா. ‘நல்ல மனசு’ன்னு ஒரு திட்டம். பெயர் தெரியாதவங்கள யாராவது முன்வந்து அடக்கம் பண்ணலாம். விருப்பப்பட்ட இடத்துல பண்ணலாம்.”

“நான் பண்றேன்! நான் பண்றேன்ப்பா!”

“ஆனா சொந்தமா இருக்கக் கூடாது. சொந்தம்னு சொன்னீங்கன்னா அவரு பெயர் தெரிஞ்சவரா ஆயிடுவாரு. பெயர் தெரிஞ்சவரு உசுரோட இருக்காரு.”

ஜன்னலோரம் ஒரு சாம்பல் நிறப் பெட்டி இருந்தது. எங்கள் இயக்ககம் செய்ததுதான். பேசுகிறவர் உண்மை சொல்கிறாரா என்று குரலை வைத்து அளக்கும். திரையில் வருகிற வாசகத்தை அதனிடம் சொல்ல வேண்டும்: ‘இந்த மனிதர் எனக்கு யாரும் இல்லை. இவரை நான் இதற்கு முன் பார்த்ததே இல்லை.’

தோன்யா ஹெர்மிலா படித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார். “கண்ணு, வேற ஏதாவது சொன்னா ஆகாதா? நல்லவரு, கஷ்டப்பட்டவரு, அப்படி ஏதாவது?”

“ஆகாது தோன்யா.”

பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்தார். “இந்த மனிதர் எனக்கு…” அதற்கு மேல் வரவில்லை. சிவப்பு விளக்கு. ‘தயக்கம் உணரப்பட்டது. தயவுசெய்து மீண்டும்.’ இரண்டாம் முறை முழுதாகச் சொல்லிவிட்டார். ஆனால் குரல் கிழிந்துபோனது. ‘உணர்ச்சி மிகுதி. தயவுசெய்து மீண்டும்.’ அப்புறம் அழுதுவிட்டார். அழுகைக்கும் சிவப்புதான். இளைஞன் ஒரு தம்ளர் தண்ணீர் நீட்டினான். குடித்தார். இடுப்பில் செருகியிருந்த துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். பானை காலியானதும் கடைசியாக வரும் வாடிக்கையாளரிடம் ‘சோளம் தீந்துபோச்சு, நாளைக்கு வாங்க’ என்று சொல்வாரே, அந்தக் குரலில், ஒரே மூச்சில் சொன்னார்:

“இந்த மனிதர் எனக்கு யாரும் இல்லை. இவரை நான் இதற்கு முன் பார்த்ததே இல்லை.”

பச்சை. ‘முன்பின் அறியாதவர்மேல் நீங்கள் காட்டும் அன்புக்கு நகரம் தலைவணங்குகிறது.’

வெள்ளிக்கிழமை ஒஃபேலியாவுக்குப் பக்கத்தில் அவரைப் படுக்க வைத்தோம். கல்லறை வாசலிலும் ஒரு கம்பம் இருக்கிறது. சோளக்காரர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். ஆனால் வேறு வேறு கல்லறைகளுக்கு வந்தவர்கள் மாதிரி தள்ளித் தள்ளி நின்றார்கள். ‘முகமறியாத எங்கள் சகோதரரை’ என்று பாதிரியார் ஜெபித்தார். சிலுவையில் ‘பெயர் தெரியாதவர்’ என்று எழுதியிருந்தது. தோன்யா ஹெர்மிலா பக்கத்து வீட்டுச் சாவுக்கு வந்தவர்போல் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். எல்லாம் முடிந்து மற்றவர்கள் போனதும், கம்பத்தைக் கண்ணால் காட்டியபடி என் காதருகே குனிந்தார்.

“கண்ணு, இதுக்குக் கேக்குமா?”

“கேக்கும் தோன்யா.”

“அழுதா?”

“அழுதா சொந்தம்னு எடுத்துக்கும். தோண்டி எடுக்கச் சொன்னாலும் சொல்லும்.”

“எதுவரைக்கும் கேக்கும்?”

அது எனக்குத் தெரியும். வேறென்ன தெரியும் எனக்கு? கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனேன். மதிலைத் தாண்டி, செங்கல் சூளைகளைத் தாண்டி, கற்றாழையும் கள்ளியும் மண்டிய மேட்டுக்குப் போனோம். அங்கே வீடு கிடையாது, ஓட்டு கிடையாது, போட்டோவுக்கும் எடுக்காது. அதனால் இயக்குநர் அங்கே கம்பம் நடவில்லை. தோன்யா ஹெர்மிலா நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

“இங்க இல்லையே?”

“இல்ல தோன்யா. இங்க ஒண்ணும் கேக்காது.”

அப்படியே மண்ணில் முட்டி போட்டு விழுந்தார். இரண்டு கையாலும் தரையை அறைந்தார். அத்தனை நாளும் நெஞ்சுக்குள் பூட்டி வைத்திருந்ததெல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது.

“யோவ் சிரிலோ! என் ராசா! உன்ன எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டேன்யா! உன் பக்கத்துல படுத்து எந்திரிச்ச வாயால, நீ யாருமில்லைன்னு சொல்லிட்டேன்யா! கடைசித் தடவை குரல்கூட நடுங்கலய்யா எனக்கு! எப்படிய்யா எனக்கு நடுங்காமப் போச்சு?”

நான் பக்கத்தில் உட்கார்ந்து அவரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

“நடுங்குச்சு தோன்யா,” என்றேன். “எனக்குக் கேட்டுச்சு. அந்தப் பெட்டிக்குத்தான் கேக்கல.”